நடுவே நான்கு மைல்

எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலை நடத்தத் தொடங்கும் எந்த ஆசிரியருக்கும் முதல் வாரத்திலேயே கரும்பலகையில் ஒரு செங்குத்துக் கோடு தேவைப்படும். இடப்பக்கம் மேட்டில் நிற்கும் ஹைட்ஸ் வீடு. வலப்பக்கம் பள்ளத்தாக்கில் த்ரஷ்கிராஸ் கிரேஞ்ச் மாளிகை. இங்கே எர்ன்ஷா குடும்பம், அங்கே லிண்டன் குடும்பம். இங்கே புயல், அங்கே அமைதி. இங்கே கருங்கல், அங்கே கண்ணாடி. மாணவர்கள் விறுவிறுவென்று எழுதிக்கொள்வார்கள். கைடுகளிலும் இதே பட்டியல்தான் இருக்கிறது. பத்து மதிப்பெண் வினாவுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் நாவல் அந்தப் பட்டியலோடு நின்றுவிடுவதில்லை. தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வுபெற்ற என் அனுபவத்தில், அந்தக் கோட்டைப் போடுவது ஐந்து நிமிட வேலை. அதை யார், எப்போது, என்ன விலை கொடுத்துத் தாண்டுகிறார்கள் என்று பிள்ளைகளைப் பார்க்கவைப்பதுதான் அந்தப் பருவம் முழுவதும் செய்ய வேண்டிய வேலை. இரண்டு வீடுகளுக்கும் இடையே நான்கு மைல் தூரம் என்று நாவல் சொல்கிறது. கதையின் உயிர் அந்த நான்கு மைலில்தான் இருக்கிறது.

நாவல் 1847 டிசம்பரில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வந்தது. லண்டன் பதிப்பாளர் தாமஸ் நியூபி வெளியிட்ட மூன்று தொகுதிகளில் முதல் இரண்டு இது. மூன்றாவது தொகுதி தங்கை ஆன் எழுதிய ‘ஆக்னஸ் கிரே’. மறு ஆண்டு டிசம்பர் 19 அன்று எமிலி இறந்துபோனார். வயது 30. அவர் நமக்கு விட்டுச்சென்ற ஒரே நாவல் இதுதான். யார்க்‌ஷயரில் ஹாவொர்த் என்ற ஊரின் பாதிரியார் வீட்டில் வளர்ந்தவர். வீட்டைத் தாண்டினால் மூர் நிலம்: மரங்கள் அரிதான மேட்டுநிலம், ஹீதர் புதர், சதுப்பு, ஓயாத காற்று.

கோதிக் நாவல் என்றால் மாணவர்கள் மனத்தில் பேய் பங்களா வந்து நிற்கும். அதில் தவறில்லை. ஹொரஸ் வால்போலின் ‘ஒட்ரான்டோ கோட்டை’ 1764-ல் வந்தது. ஆன் ராட்கிளிஃபின் ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ 1794-ல் வந்தது. இத்தாலியில் எங்கோ ஒரு பாழடைந்த கோட்டை, அதில் அடைத்துவைக்கப்பட்ட பெண், உரியவரிடமிருந்து பறிக்கப்பட்ட சொத்து, இறந்தும் போகாத ஆவி. எமிலி இவற்றில் ஒன்றையும் கைவிடவில்லை. அத்தனையையும் கொண்டுவந்து ஒரு பண்ணைவீட்டின் அடுப்படியில் வைத்துவிட்டார். முதல் அதிகாரத்தில் வாடகைதாரர் லாக்வுட் ஹைட்ஸுக்குள் நுழையும்போது உத்தரத்தில் ஓட்ஸ் ரொட்டிகளும் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றித் தொடைகளும் தொங்குகின்றன. புகைபோக்கிக்கு மேலே பழைய துப்பாக்கிகள் மாட்டியிருக்கின்றன. சோறும் கொலைக்கருவியும் ஒரே பார்வையில் படுகின்றன. பேய் வருவதற்கு முன்பே அந்த வீட்டைப் பற்றிய பயம் தொடங்கிவிடுகிறது. இந்த ஒரு பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தால், கோதிக் கதையின் தூரத்துப் பயங்கரம் எப்படி வீட்டுக்குள் வந்து குடியேறியது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வம்சாவளி. ஒரு சார்ட் பேப்பரில் வரைந்து பருவம் முடியும்வரை வகுப்புச் சுவரில் மாட்டியிருப்பேன். இரண்டு கேத்தரின்கள், லிண்டன் என்பது ஒரு குடும்பத்தின் பெயர், பிறகு ஒரு பையனின் பெயர், ஹிண்ட்லி, ஹீத்கிளிஃப், ஹேர்ட்டன் என்று ஒலியில் ஒன்றோடொன்று குழம்பும் ஆண்கள். படம் கண்முன் இருந்தால் மாணவர்கள் தாமே ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரு வீட்டிலும் ஒரு மகன், ஒரு மகள்: இங்கே ஹிண்ட்லி, கேத்தரின்; அங்கே எட்கர், இசபெல்லா. தராசுத் தட்டுகள் சமமாக இருக்கின்றன. படத்தில் எந்தக் கிளையிலும் ஒட்டாமல் தனியே நிற்பவன் ஹீத்கிளிஃப் மட்டும்தான். கிழவர் எர்ன்ஷா லிவர்பூலுக்கு நடந்தே போய்த் தெருவிலிருந்து தூக்கிவந்த பிள்ளை. இந்தச் சமச்சீரை 1926-ல் முதலில் விரிவாக எடுத்துக்காட்டியவர் சி. பி. சாங்கர் என்ற வழக்குரைஞர். நாவலில் ஆண்டு எண் மிகச் சில இடங்களில்தான் வருகிறது. இருந்தும் யார் எப்போது பிறந்தார், எந்தச் சட்டப்படி யாருடைய நிலம் யாரிடம் போயிற்று என்பதைக் கணக்கிட்டுவிடலாம் என்று அவர் காட்டினார். காட்டுத்தனமான கதை என்று பெயரெடுத்த நாவலுக்கு அடியில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குரிய துல்லியம் இருக்கிறது. இந்த முரணையே தனி வகுப்பாக எடுக்கலாம்.

வம்சாவளிப் படத்தை மாட்டியபின் ஆறாம் அதிகாரத்துக்குப் போவேன். எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த பகுதி. சிறுமி கேத்தரினும் ஹீத்கிளிஃபும் இருட்டில் ஓடிப்போய்க் கிரேஞ்சின் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். சிவப்புக் கம்பளம், தங்க விளிம்பிட்ட வெண்ணிறக் கூரை, நடுவே வெள்ளிச் சங்கிலிகளில் மழைபோலத் தொங்கும் கண்ணாடித் துளிகள். சொர்க்கம் என்று நினைக்கிறான் ஹீத்கிளிஃப். அந்தச் சொர்க்கத்துக்குள் எட்கரும் இசபெல்லாவும் ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருக்கிறார்கள். யார் நாய்க்குட்டியை வைத்துக்கொள்வது என்ற சண்டையில் அதை இரண்டாகக் கிழிக்காத குறை. அமைதியின் வீட்டில் நாம் பார்க்கும் முதல் காட்சியே வன்முறைதான்! கரும்பலகையில் வலப்பக்கம் ‘மென்மை’ என்று எழுதியிருந்த மாணவர்கள் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைப்பார்கள்.

வெளியே சத்தம் கேட்டதும் காவல்நாய் ஸ்கல்கரை அவிழ்த்துவிடுகிறார்கள். அது கேத்தரினின் கணுக்காலைக் கவ்வுகிறது. அதன்பின் நடப்பதை நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். எர்ன்ஷா வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் அவளை உள்ளே தூக்கிப்போய்ச் சோபாவில் கிடத்துகிறார்கள். பணிப்பெண் வெந்நீரில் காலைக் கழுவுகிறாள், இசபெல்லா மடி நிறையக் கேக்குகளைக் கொட்டுகிறாள். அதே வேலி இடுக்கு வழியே வந்த ஹீத்கிளிஃபின் நிறத்தையும் முகத்தையும் பார்த்து, திருடனாகப் போகிறவன் என்று முடிவுகட்டி வெளியே தள்ளுகிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. இரண்டு பிள்ளைகளும் செய்தது ஒரே காரியம்; கிடைத்தது இரண்டு விதமான வரவேற்பு. நம் ஊர் வகுப்பறையில் இதற்கு விளக்கவுரை தேவைப்பட்டதே இல்லை. எந்த வீட்டுத் திண்ணைவரை தாங்கள் போகலாம், எங்கே நிறுத்தப்படுவோம் என்பதைச் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்ட பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் யாரும் பேசாத ஒரு அமைதி விழும். நான் அதைக் கலைக்காமல் அடுத்த பத்திக்குப் போவேன்.

ஐந்து வாரம் கழித்துக் கேத்தரின் திரும்புகிறாள், குதிரை மேல், இறகு வைத்த தொப்பியோடு, சுருட்டிவிட்ட கூந்தலோடு. உடை அழுக்காகிவிடும் என்று வீட்டு நாய்களைக்கூடத் தொடத் தயங்குகிறாள். கோட்டைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். அந்த நாள் முதல் நாவல் முடியும்வரை இரு வீடுகளுக்கிடையே ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தாண்டும்போது பட்டியலில் ஒரு வரி பொய்த்துப்போகிறது.

எங்கள் மாணவர்கள் பள்ளியில் ஐந்திணை படித்து வந்தவர்கள். நிலத்துக்கும் உணர்வுக்கும் உறவு உண்டு என்று அவர்களுக்கு நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. முல்லைக்கு இருத்தல், பாலைக்குப் பிரிவு என்ற அதே வேகத்தில் ஹைட்ஸுக்கு வெறி, கிரேஞ்சுக்கு நிதானம் என்று ஒட்டிவிடுவார்கள். அப்போது திணைமயக்கத்தை நினைவூட்டுவேன். ஒரு திணைக்குரியது இன்னொன்றில் வந்து கலப்பதைத் தொல்காப்பியம் விலக்கவில்லை. பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்துபாருங்கள் என்பேன். எட்கரை மணந்து கிரேஞ்சில் வாழும் கேத்தரின் பட்டினி கிடந்து ஜன்னியில் பிதற்றுகிறாள். தலையணையைப் பல்லால் கிழித்து உள்ளிருக்கும் இறகுகளை இனம்வாரியாக அடுக்குகிறாள். வான்கோழி, காட்டுவாத்து, புறா என்று போய், மூர் நிலத்துக் கோழியின் இறகும் ஆட்காட்டிப் பறவையின் இறகும் அவள் கையில் அகப்படுகின்றன. சீமாட்டியின் மெத்தைக்குள் மேட்டுநிலம் ஒளிந்திருந்திருக்கிறது. பிறகு குளிர்காலத்து நடுஇரவில் ஜன்னலைத் திறந்து, ஹைட்ஸில் தன் அறையின் மெழுகுவத்தி தெரிகிறது என்கிறாள். அங்கிருந்து ஹைட்ஸின் வெளிச்சம் எந்நாளும் தெரியாது என்று கதையின் பெரும்பகுதியைச் சொல்லும் பணிப்பெண் நெல்லி நமக்குச் சொல்லிவிடுகிறாள். அப்படியானால் அவள் பார்த்தது எந்த வெளிச்சம்? தேர்வுத்தாளில் நான் கேட்க விரும்பிய வினா இது.

இசபெல்லா எதிர்த்திசையில் தாண்டுகிறாள். ஹீத்கிளிஃபைக் காதல் கதைத் தலைவன் என்று நம்பி ஓடிப்போகிறாள். ஹைட்ஸில் முதல்நாள் இரவே ஹிண்ட்லி தன் கைத்துப்பாக்கியைக் காட்டுகிறான், குழலோடு இரட்டைக் கூர்க்கத்தி பொருத்திய துப்பாக்கி. பஞ்சுமெத்தையில் வளர்ந்த பெண் அதைக் கையில் வாங்கி, இது என்னிடம் இருந்தால் எவ்வளவு பலம் என்று ஆசைப்படுகிறாள். தன் முகத்தில் படர்ந்த அந்த ஆசையைக் கண்டு ஹிண்ட்லி திகைத்ததை அவளே கடிதத்தில் எழுதுகிறாள். கொடுமை ஒரு குடும்பத்தின் ரத்தத்தில் இருக்கிறது என்று எழுதும் மாணவருக்கு இந்தக் கடிதத்தைத்தான் படிக்கக் கொடுப்பேன். யாரை எந்தச் சூழலில் எவ்வளவு நாள் வைத்திருந்தோம் என்பதைத்தான் எமிலி பார்க்கிறார்.

ஒரே துக்கத்தை இரண்டு வீட்டிலும் வைத்துப் பார்க்கும் இடமும் உண்டு. ஹிண்ட்லியும் மனைவியை இழந்தவன், எட்கரும் மனைவியை இழந்தவன். இருவருக்கும் கையில் ஒரு குழந்தை மிஞ்சுகிறது. பலசாலி என்று நினைத்த ஹிண்ட்லி குடியில் மூழ்கி வீட்டையும் மகனையும் கைவிடுகிறான். நோஞ்சான் என்று எல்லோரும் இளக்காரமாகப் பார்த்த எட்கர் தாங்கி நிற்கிறான். இந்த ஒப்பீட்டை நெல்லியே தன் வாயால் செய்கிறாள். எட்கருக்கு நம் வகுப்புகளில் நியாயம் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். சினிமா பார்த்து வந்த பையன்களுக்கு அவன் வில்லன்கூட இல்லை, குறுக்கே நிற்கும் சோப்ளாங்கி. ஹீத்கிளிஃபின் குரல்வளையில் ஓங்கிக் குத்திவிட்டுப் போகிறவனும் அவன்தான் என்று காட்ட வேண்டியிருக்கும்.

டேவிட் செசில் 1934-ல் எழுதிய கட்டுரையில் புயல், அமைதி என்ற இரண்டு தத்துவங்களாக இந்த நாவலைப் பிரித்தார். நம் கைடுகள் இன்றைக்கும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிடுகின்றன. செசில் சொன்னதில் முக்கியமான பாதியைக் கைடுகள் விட்டுவிட்டன: அவரைப் பொறுத்தவரை புயல் தீமையும் இல்லை, அமைதி நன்மையும் இல்லை, இயல்பான வழியிலிருந்து திருப்பிவிடப்படும்போதுதான் இரண்டும் அழிவு தருகின்றன. அதைப் புரியவைக்க நான் எடுத்துக்கொள்வது 24-ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு சின்னச் சச்சரவு. இறந்துபோன கேத்தரினின் மகள் கேத்தியும், ஹீத்கிளிஃபுக்கும் இசபெல்லாவுக்கும் பிறந்த நோயாளிப் பையன் லிண்டனும் சொர்க்கம் எப்படி இருக்க வேண்டும் என்று சண்டை போடுகிறார்கள். அவனுக்கு வேண்டியது வெயிலில் ஹீதர் மேட்டில் நாள் முழுக்க அசையாமல் படுத்திருப்பது, தேனீக்கள் முரல, மேகமற்ற வானம். அவளுக்கு வேண்டியது மேல்காற்றில் ஆடும் மரக்கிளையில் ஊஞ்சலாடுவது, ஓடும் மேகங்கள், சுற்றிலும் பறவைகளின் கூச்சல், உலகமே விழித்துக் குதிக்க வேண்டும். உன் சொர்க்கத்துக்குப் பாதி உயிர்தான் என்கிறாள் அவள். உன்னுடையது குடித்துவிட்டு ஆடும் என்கிறான் அவன்.

இப்போது வம்சாவளிப் படத்தைப் பாருங்கள் என்பேன். புயலின் மகன் அசையாமல் கிடக்க விரும்புகிறான். அமைதியின் மகள் காற்றைக் கேட்கிறாள். பட்டியல் தலைகீழாகிவிட்டது. லிண்டனின் பெயரிலேயே இரு பக்கமும் இருக்கின்றன, லிண்டன் ஹீத்கிளிஃப். ஆனால் இரு பக்கத்தின் பலவீனமும் மட்டுமே அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது: கிரேஞ்சின் சிணுங்கலும் ஹைட்ஸின் வன்மமும். இரண்டும் கலந்தால் நல்லதே பிறக்கும் என்ற எளிய நம்பிக்கைக்கு எமிலி இடம் கொடுக்கவில்லை. வெறுப்பில் நிகழ்ந்த கலப்பு இது. அன்பில் நிகழும் கலப்புக்கு இன்னும் எட்டு அதிகாரம் காத்திருக்க வேண்டும்.

பேய்க்காட்சிக்கு வருகிறேன். மூன்றாம் அதிகாரம். பனிப்புயலில் மாட்டிக்கொண்ட லாக்வுட், ஹைட்ஸில் ஒரு மரப்பெட்டிக் கட்டிலுக்குள் தூங்குகிறார். கண்ணாடியில் கிளை உரசுகிறது என்று கையை விட்டு உடைக்க, பனிபோல் குளிர்ந்த ஒரு சின்னக் கை அவர் கையைப் பற்றுகிறது. உள்ளே விடச்சொல்லிக் கெஞ்சுகிறது. பட்டணத்துக் கனவான், நாகரிகம் தெரிந்தவர், அந்தக் குழந்தையின் மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் வைத்து ரத்தம் ஓடும்வரை தேய்க்கிறார். அவர் அதைச் சொல்லும்போது குரலில் நடுக்கம்கூட இல்லை. ஹீத்கிளிஃபின் கொடுமைகளை நாம் பார்ப்பதற்கு முன்பே, நமக்குக் கதை சொல்கிறவரின் கொடுமையை எமிலி காட்டிவிடுகிறார். காட்டுமனிதன், நாகரிகமனிதன் என்ற முரணை எழுதப்போகும் மாணவர் இந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிட்டு எழுதவே முடியாது. சற்றுக் கழித்து முரடன் என்று நாம் நினைத்த ஹீத்கிளிஃப் அதே ஜன்னலைப் பிடுங்கித் திறந்து, உள்ளே வா என்று அழுகிறான். ஒருவர் அடைத்ததை மற்றவன் திறக்கிறான்.

இறுதி அதிகாரத்தில் ஹீத்கிளிஃப் அதே கட்டிலில் செத்துக்கிடக்கிறான். ஜன்னல் திறந்திருக்கிறது, மழை முகத்திலும் படுக்கையிலும் அடித்திருக்கிறது. காற்றில் ஆடிய சட்டம் விளிம்பில் இருந்த அவன் கையை உரசித் தோலைக் கிழித்திருக்கிறது. ரத்தம் மட்டும் வரவில்லை. முன்பு பேயின் கையில் ரத்தம் பெருகியது. இப்போது மனிதனின் கையில் ரத்தம் இல்லை. உயிர், சாவு என்ற மிகப் பெரிய முரணை இந்த இரண்டு கைகளில் முடித்துவைக்கிறார் எமிலி. டோரதி வான் கெண்ட் 1953-ல் ஜன்னலை வைத்து இந்த நாவலை வாசித்துக் காட்டினார். அவர் நூலை நூலகத்திலிருந்து எடுத்து முதுகலை மாணவர்களுக்குக் கொடுப்பேன். இளங்கலைக்கு இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வாசித்தாலே போதும்.

அந்தப் பேய் வந்த இரவில் லாக்வுட் இன்னொன்றும் செய்கிறார். உடைந்த கண்ணாடியின் ஓட்டையை அடைக்கப் புத்தகங்களை அடுக்குகிறார். நான் பல ஆண்டு நடத்தியபின்தான் அந்தப் புத்தக அடுக்கின் முழு எடை தெரிந்தது, புத்தகங்கள் நாவல் நெடுகத் தடுப்பாகவே வருகின்றன. கேத்தரின் மேல்மாடியில் பட்டினி கிடக்கும்போது எட்கர் கீழே நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஹைட்ஸின் வேலைக்காரக் கிழவன் ஜோசப் கையில் எப்போதும் வேதம். வாயில் எப்போதும் சாபம். ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டனை எழுத்தறிவில்லாமல் வளர்ப்பதுதான் ஹீத்கிளிஃபின் பழிவாங்கலிலேயே குரூரமான பகுதி. தன்னை ஹிண்ட்லி எப்படிப் படிப்பிலிருந்து விலக்கினானோ, அதையே அவன் மகனுக்குச் செய்கிறான். ஹைட்ஸின் வாசலுக்கு மேல் 1500 என்ற ஆண்டும் ஹேர்ட்டன் எர்ன்ஷா என்ற பெயரும் செதுக்கியிருக்கின்றன. வீட்டின் உண்மையான வாரிசு, தன் பெயரையே தாங்கி நிற்கும் கல்லுக்குக் கீழே வேலைக்காரனாகப் போய்வருகிறான்.

ஒரு நாள் அவன் கேத்தியிடம் பெருமையோடு அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுகிறான். சரி, அந்த எண்கள் என்ன என்று கேட்கிறாள். அது இன்னும் வராது என்கிறான். அவள் சிரித்துவிடுகிறாள். இதை வாசித்த ஒரு வகுப்பில், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருந்த ஒரு மாணவி எழுந்தாள்.

“மேடம், ஹீத்கிளிஃப் அடிச்சதைவிட இவ சிரிச்சதுதான் மோசம்.”

“ஏம்மா அப்படிச் சொல்றே?”

“எங்க பாட்டி அறிவொளியில கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க. ரேஷன் கடையில முதல்தடவ போட்டப்ப ஒருத்தர் சிரிச்சாரு. அதுக்கப்புறம் மறுபடியும் கைநாட்டுதான் வச்சாங்க.”

அதற்குமேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை. 31-ஆம் அதிகாரத்தில் ஹேர்ட்டன் ரகசியமாகச் சேர்த்துவைத்த புத்தகங்களைக் கேத்தி மறுபடி கேலிசெய்ய, அவன் அவற்றை நெருப்பில் வீசுகிறான். அவன் ஏன் வீசினான் என்று அந்த வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

அடுத்த அதிகாரத்திலேயே தடுப்பு பாலமாகிறது. கேத்தி ஒரு நல்ல புத்தகத்தை வெள்ளைத்தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, திரு. ஹேர்ட்டன் எர்ன்ஷா என்று மரியாதையோடு முகவரி எழுதி நெல்லியிடம் கொடுத்தனுப்புகிறாள். வாசல் கல்லில் இருந்த பெயர் இப்போது ஒரு பரிசின்மேல் இருக்கிறது. லாக்வுட் மீண்டும் வந்து வெளியிலிருந்து கேட்கும்போது அவள் அவனுக்கு வாசிக்கச் சொல்லித்தருகிறாள். அவன் திக்கிக்கொண்டிருக்கும் சொல்லே ‘முரணான’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்தான். இருவரும் ஜோசப்பின் பிளாக்கரன்ட் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கிரேஞ்சிலிருந்து செடிகள் கொண்டுவந்து நடத் திட்டமிடுகிறார்கள். பள்ளத்தாக்கின் செடி மேட்டில் வேர்விடப்போகிறது.

பெயர்கள் நடந்துபோகும் பாதையையும் இங்கேதான் காட்டுவேன். மூன்றாம் அதிகாரத்தில் லாக்வுட் ஜன்னல் விளிம்பில் கீறப்பட்டிருந்த பெயர்களைப் பார்க்கிறார்: கேத்தரின் எர்ன்ஷா, கேத்தரின் ஹீத்கிளிஃப், கேத்தரின் லிண்டன். தாய் எர்ன்ஷாவாகப் பிறந்து, ஹீத்கிளிஃபாக ஆகாமலே லிண்டனாக இறந்தாள். மகள் லிண்டனாகப் பிறந்து, கட்டாயத் திருமணத்தால் ஹீத்கிளிஃபாகி, ஹேர்ட்டனை மணந்து எர்ன்ஷாவாகப்போகிறாள். தாய் போன வழியில் மகள் திரும்பி வருகிறாள். இதைக் கரும்பலகையில் இரண்டு அம்புக்குறிகளால் போட்டதும் வகுப்பில் எழும் சலசலப்பு இந்தத் தொழில் எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷங்களில் ஒன்று.

இதனால் எல்லாம் சமாதானமாகிவிட்டது என்று முடிக்கக் கூடாது. எமிலியும் அப்படி முடிக்கவில்லை. கேத்தரின் இறந்தபோது அவள் கழுத்துப் பதக்கத்திலிருந்து எட்கரின் வெளிர்நிற மயிர்ச்சுருளை எறிந்துவிட்டுத் தன் கறுப்புச் சுருளை வைத்துவிட்டுப் போனான் ஹீத்கிளிஃப். நெல்லி இரண்டையும் முறுக்கிச் சேர்த்து உள்ளே வைத்தாள். உயிரோடு இருந்தவர்கள் செய்ய முடியாத காரியத்தை ஒரு வேலைக்காரியின் விரல்கள் செய்தன. கல்லறையும் அப்படியே. லிண்டன் குடும்பத்துக் கல்வெட்டுக்குக் கீழேயும் இல்லை, எர்ன்ஷாக்களின் பக்கத்திலும் இல்லை. மயானத்தின் மூலையில், மூர் நிலத்து ஹீதர் ஏறி உள்ளே வந்துவிடும் அளவுக்குத் தாழ்ந்த சுவருக்கருகே கேத்தரினைப் புதைத்தார்கள். இருபுறமும் எட்கரும் ஹீத்கிளிஃபும். சவப்பெட்டியின் ஒரு பக்கப் பலகையை எடுத்துவிடக் குழிவெட்டியிடம் பணம் கொடுத்துவைத்தவன் ஹீத்கிளிஃப். இதற்கிடையில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் மேட்டில் அவனையும் ஒரு பெண்ணையும் பார்த்ததாக அழுகிறான். லாக்வுட்டோ அந்தக் கல்லறைகளைப் பார்த்து, இங்கே உறங்குகிறவர்களுக்கு அமைதி இல்லை என்று யார் நினைக்க முடியும் என்று ஆச்சரியப்படுகிறார். யார் சொல்வதை நம்புவது? மணிக்கட்டைக் கண்ணாடியில் தேய்த்தவர் சொல்வதையா, ஆட்டுக்காரப் பையன் சொல்வதையா? நான் பையன் பக்கம்.

1939-ல் வில்லியம் வைலர் எடுத்த புகழ்பெற்ற படம் இரண்டாம் தலைமுறையை முழுவதும் வெட்டிவிட்டது. நம் வகுப்பறைகளிலும் அதே வெட்டு நடக்கிறது. 34 அதிகாரங்களில் 16-ஆவதில் கேத்தரின் இறந்துவிடுகிறாள், பாடவேளை தீர்ந்துவிடுகிறது, மீதியைக் கதைச்சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அப்படிப் படித்தவருக்கு ஹீத்கிளிஃப் காதல் தோல்விக்காரனாக மட்டும் மிஞ்சுவான், இரண்டு வீடுகளும் எதிரெதிரே அப்படியே நிற்கும். முதல் அதிகாரத்தில் சங்கிலி போட்டிருந்த வாயிற்கதவு, 32-ஆம் அதிகாரத்தில் லாக்வுட் கைவைத்ததும் திறந்துகொள்கிறது. கதவுகளும் ஜன்னல்களும் திறந்து கிடக்கின்றன, பழமரங்களுக்கிடையிலிருந்து பூவாசம் வருகிறது. ஹைட்ஸ் ஹைட்ஸாகவே இருந்தும் மாறிவிட்டது என்பதைப் பாதி நாவல் படித்தவர் எப்படி அறிவார்?

இந்த நாவலை நடத்தப்போகும் இளைய ஆசிரியர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நேரம் போதவில்லை என்றால் முதல் பாதியில் எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள், விமர்சகர்களைக்கூட விட்டுவிடுங்கள். 24, 31, 32 ஆகிய மூன்று அதிகாரங்களையும் வகுப்பில் வாய்விட்டு வாசியுங்கள். அதில் ஹேர்ட்டன் வரும் பக்கங்களை உங்கள் மாணவர்களில் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.